பக்கம் ஒன்று, முகவர் இருவர்

அடையாளம் மறந்த கடை

கைப்பேசிக்கு வந்த செய்தியில் உள்ள இணைப்பைத் தொட்டவுடன் ஒரு கடையின் இணையப்பக்கம் திறக்கிறது. அதே கடையில் முந்தைய நாள்தான் உலாவி வழியாகப் பொருள் வாங்கப்பட்டிருக்கிறது, இன்னும் இரண்டு பொருள்கள் கூடையில் எடுத்து வைக்கப்பட்டும் இருக்கின்றன. ஆனால் இப்போது கூடை காலியாகக் கிடக்கிறது, மேல் மூலையில் வாங்குபவரின் பெயர் இருந்த இடத்தில் ‘உள்நுழைக’ என்ற சொல் நிற்கிறது. முகவரி அதே முகவரி, கைப்பேசி அதே கைப்பேசி, இணைய இணைப்பும் அதே இணைப்பு. பெரும்பாலோர் இதைத் தளத்தின் கோளாறு என்று எண்ணி, கடவுச்சொல்லை மீண்டும் இட்டுவிட்டு மேலே செல்கின்றனர். தளத்தில் கோளாறு ஏதுமில்லை. அதன் வாசலுக்கு முந்தைய நாள் வந்த உலாவி வேறு, இன்று வந்து நிற்பது வேறு.

திரையைச் சற்று உற்றுப் பார்த்தால் தடயம் கிடைக்கும். வழக்கமான முகவரிப்பட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி, தளத்தின் பெயர், மூன்று புள்ளிகள் ஆகியவை மட்டுமே இருக்கின்றன. பின்செல்லும் பொத்தானை அழுத்தினால் உரையாடல் உடனே திரும்பி வந்துவிடுகிறது. பயனர் செய்திச் செயலியை விட்டு வெளியே செல்லவே இல்லை என்பதும், கடைப்பக்கம் அந்தச் செயலியின் வயிற்றுக்குள்ளேயே திறந்தது என்பதும் இதிலிருந்து விளங்கும். இவ்வாறு ஒரு செயலி தனக்குள் இணையப்பக்கத்தைக் காட்டப் பயன்படுத்தும் உறுப்பை நிரலாளர்கள் ‘வெப்வியூ’ என்கின்றனர். இந்த அத்தியாயம் அதை ‘உள்ளுலாவி’ என்று குறிப்பிடும்.

உலாவியின் இரண்டு வேலைகள்

உலாவி என்றவுடன் நினைவுக்கு வருவது பக்கத்தை வரைந்து காட்டும் வேலைதான். சேவையகத்திலிருந்து கோப்புகளைக் கொண்டுவருவது, எழுத்துகளையும் படங்களையும் உரிய இடத்தில் அடுக்குவது, பக்கத்தோடு வரும் குறுநிரல்களை இயக்குவது ஆகியவற்றை உலாவிப் பொறி எனப்படும் பகுதி கவனித்துக்கொள்கிறது. குரோமில் பிளிங்க், சஃபாரியில் வெப்கிட், ஃபயர்ஃபாக்ஸில் கெக்கோ என ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறி உண்டு.

இரண்டாவது வேலை கண்ணுக்கு அவ்வளவாகப் படுவதில்லை. எந்தத் தளத்தில் பயனர் யாராக அறிமுகமாகியிருக்கிறார் என்பதை நினைவில் வைப்பது, சேமித்த கடவுச்சொல்லைச் சரியான முகவரியில் மட்டும் நிரப்பித் தருவது, உண்மையான முகவரியை மறைக்காமல் காட்டுவது, தளத்தின் சான்றிதழில் பிழை இருந்தால் தடுத்து எச்சரிப்பது என அது பயனரின் சார்பில் நின்று தளங்களோடு பேசுகிறது. இணையத் தர ஆவணங்கள் உலாவியைப் ‘பயனர் முகவர்’ என்ற பெயரால் அழைப்பதற்கு இதுவே பொருள்; அந்தச் சொல்லைத் தேர்ந்தவர்கள் சொல் அறிந்து தேர்ந்திருக்கிறார்கள் என்றே கூற வேண்டும்.

உள்ளுலாவியில் முதல் வேலையைச் செய்யும் பொறி அப்படியே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் 2013ஆம் ஆண்டின் 4.4 பதிப்பிலிருந்து குரோமின் அடித்தளமாகிய குரோமியமே உள்ளுலாவிக்கும் அடித்தளம் என்பதால், பக்கம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரித் தோன்றும். மாறிப்போவது முகவரின் இருக்கைதான். அதில் இப்போது அமர்ந்திருப்பது பயனர் தேர்ந்தெடுத்த உலாவி அன்று, இணைப்பு எந்தச் செயலியில் தொடப்பட்டதோ அந்தச் செயலி. இனி வரும் சிக்கல்கள் அனைத்தும் இந்த ஒரு மாற்றத்திலிருந்தே கிளைக்கின்றன.

ஆளுக்கொரு ஜாடி

இணையப்பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபி நெறிமுறைக்கு இயல்பாக நினைவாற்றல் கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டவரும் அடுத்த நொடி இன்னொரு பக்கத்தைக் கேட்டவரும் ஒருவரே என்பது அதற்குத் தெரியாது. இந்தக் குறையைப் போக்க 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுல்லி குக்கி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். தளம் ஓர் அடையாளச் சீட்டை அனுப்பும், உலாவி அதைப் பத்திரப்படுத்தும், அடுத்த முறை அதே தளத்துக்குச் செல்லும்போது தானாகவே எடுத்துக் காட்டும். கடைக்காரர் வாடிக்கையாளரைப் பெயர் சொல்லி வரவேற்பது இந்தச் சீட்டைப் பார்த்துத்தான்.

ஆண்ட்ராய்டு ஒவ்வொரு செயலியையும் தனித்த எண் கொண்ட தனிப் பயனராகவே பாவிக்கிறது, ஒன்றின் சேமிப்பறைக்குள் மற்றொன்று எட்டிப் பார்க்க விடுவதில்லை. ஐபோனிலும் செயலிகளுக்கிடையே இத்தகைய சுவர் உண்டு. எனவே உலாவியின் சீட்டுகள் உலாவியின் ஜாடியிலும், செய்திச் செயலியின் உள்ளுலாவி பெறும் சீட்டுகள் அச்செயலியின் ஜாடியிலும் தனித்தனியே சேர்கின்றன. ஐந்து செயலிகளில் ஒரே கடையின் பக்கத்தைத் திறப்பவரை அந்தக் கடை ஐந்து புதிய ஆள்களாகக் காணும்.

தொல்லையாகத் தோன்றும் இந்தச் சுவர் அவசியமானது. அது இல்லையென்றால், டார்ச் விளக்கு எரிப்பதற்காக நிறுவிய ஏதோவொரு செயலி, பயனர் அறியாமல் ஒரு மூலையில் அவருடைய மின்னஞ்சல் பக்கத்தைத் திறந்து, உலாவியின் ஜாடியிலுள்ள சீட்டைக் காட்டி உள்ளே சென்றுவிட முடியும். ஆனால் சுவர் காப்பது உலாவியின் உடைமையை மட்டுமே. செயலிக்குள் திறந்துவிட்ட பக்கத்தை அந்தச் செயலியிடமிருந்து காப்பதற்குச் சுவர் ஏதும் இல்லை.

கடிதம் படித்துக் காட்டுபவர்

உலாவியில் செய்தித்தளம் ஒரு தாவலிலும் வங்கியின் தளம் மற்றொரு தாவலிலும் திறந்திருக்கும்போது, முன்னதன் குறுநிரல் பின்னதில் உள்ள எதையும் படிக்க முடியாது. ஒரே மூலத்திலிருந்து வந்தவை மட்டுமே ஒன்றையொன்று பார்க்கலாம் என்ற இந்த விதி 1995இல் நெட்ஸ்கேப் உலாவியில் தோன்றி, இன்றுவரை இணையப் பாதுகாப்பின் முதுகெலும்பாக இருந்து வருகிறது. உள்ளுலாவியிலும் இந்த விதி தளங்களுக்கிடையே செயல்படவே செய்கிறது. ஆனால் உள்ளுலாவியை வைத்திருக்கும் செயலி விதிக்கு மேலே நிற்கிறது. திறந்திருக்கும் எந்தப் பக்கத்துக்குள்ளும் தன் குறுநிரலைச் செலுத்தி இயக்கும் கட்டளை ஆண்ட்ராய்டிலும் ஐஓஎஸ்ஸிலும் நிரலாளர்களுக்கு முறைப்படியே வழங்கப்பட்டுள்ளது. எழுத்தின் அளவைப் பெரிதாக்குவது, தலைப்பைப் படித்துச் செயலியின் மேற்பட்டையில் காட்டுவது போன்ற நல்ல காரியங்களுக்கும் அதுவே பயன்படுகிறது.

பூட்டுக் குறி இருக்கிறதே, எச்டிடிபிஎஸ் இருக்கிறதே என்று இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வந்த கடிதத்தை அக்கம்பக்கத்தில் ஒருவர் பிரித்துப் படித்துக் காட்டிய காலத்தை எண்ணிப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். உறை அரக்கு முத்திரையோடு வந்து சேர்ந்ததால் வழியில் எவரும் படிக்கவில்லை என்பது உறுதியாகிறது. படித்துக் காட்டுபவர் என்ன படித்தார், எதை விட்டார், எதை மனத்தில் குறித்துக்கொண்டார் என்பதற்கு முத்திரை பொறுப்பேற்காது. மறையாக்கம் பாதுகாப்பது வழியைத்தான், உள்ளுலாவி இருப்பதோ வழியின் முடிவில்.

இது வெறும் சாத்தியம் அன்று என்பதை 2022 ஆகஸ்டில் ஃபெலிக்ஸ் கிராவுஸ் என்ற ஆய்வாளர் வெளியிட்ட குறிப்புகள் காட்டின. ஐபோனில் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் ஆகிய செயலிகளின் உள்ளுலாவிகள் பிற தளங்களின் பக்கங்களில் தம் குறுநிரல்களைச் சேர்ப்பதையும், டிக்டாக்கின் உள்ளுலாவி சேர்க்கும் நிரலில் விசைத் தட்டல்களைக் கவனிக்கும் பகுதி இருப்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். பின்தொடர்தல் குறித்துப் பயனர் செய்த தேர்வை மதிப்பதற்கே தம் நிரல் என்று மெட்டா நிறுவனமும், பிழை கண்டறிவதற்கும் செயல்திறனைக் கவனிப்பதற்குமே அது என்று டிக்டாக்கும் விளக்கமளித்தன. நிரல் இருந்ததைத் தாம் கண்டதாகவும், அதைக் கொண்டு தரவு திரட்டப்பட்டது என்று அதிலிருந்தே முடிவு கட்ட இயலாது என்றும் கிராவுஸும் தெளிவாகவே குறிப்பிட்டிருந்தார். கவனிக்கத்தக்கது வேறொன்று: பயனரின் நிலையிலிருந்து பார்த்தால், படித்துக் காட்டுபவர் நாணயமானவரா என்பதை அவருடைய வாய்ச்சொல்லைத் தவிர வேறு எதனாலும் அறிய முடிவதில்லை.

ஒரு கடவுச்சொல்லின் இரு பயணங்கள்

இந்த வேறுபாடு மிகக் கூர்மையாக வெளிப்படும் இடம், ஒரு செயலிக்குள் வேறொரு நிறுவனத்தின் கணக்கைக் கொண்டு உள்நுழைவது. வள்ளி என்ற கற்பனைப் பயனர், தம் கூகிள் கணக்கில் உள்ள படங்களை அச்சிட்டு வீட்டுக்கு அனுப்பும் ஓர் அச்சுச் செயலியை நிறுவுகிறார் என்று கொள்வோம். செயலிக்குத் தேவை படங்கள் மட்டுமே. அதற்குக் கூகிளின் அனுமதி வேண்டும், கூகிளுக்கோ கேட்பவர் வள்ளிதான் என்ற உறுதி வேண்டும்.

முதல் வழியில் செயலி தன் உள்ளுலாவியில் கூகிளின் உள்நுழைவுப் பக்கத்தைத் திறக்கிறது. பக்கம் உண்மையானது, கூகிளின் சேவையகத்திலிருந்தே வந்தது. வள்ளி கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாக இடுகிறார். பொத்தானை அழுத்தும் வரை பக்கம் அதை எங்கும் அனுப்புவதில்லை, ஆனால் செயலி செலுத்திய சில வரிக் குறுநிரல் ஒவ்வோர் எழுத்தையும் விழும்போதே பொறுக்கிக்கொள்ள முடியும். செயலி அவ்வாறு செய்யவில்லை என்றே வைத்துக்கொண்டு மேலே போகலாம். வள்ளி எச்சரிக்கையானவர், இரண்டடுக்குச் சரிபார்ப்பை வைத்திருக்கிறார். கைப்பேசிக்கு வந்த ஆறிலக்க எண்ணையும் இடுகிறார். கூகிள் மனநிறைவடைந்து அடையாளச் சீட்டை அனுப்புகிறது. அந்தச் சீட்டு போய் விழுவது அச்சுச் செயலியின் ஜாடியில்.

ஆறிலக்க எண்ணின் காவல் இந்த இடத்தில் பொருளற்றுப் போகிறது. ஜாடியில் உள்ளதை எடுத்துத் தரும்படி உள்ளுலாவியிடம் ஒரே கட்டளையில் செயலி கேட்க முடியும்; பக்கத்தின் குறுநிரல்கள்கூடப் பார்க்கக் கூடாது என்று தளம் தனிக் குறியிட்டு அனுப்பிய சீட்டுகளும் அதில் அடக்கம். அந்தச் சீட்டு படங்களுக்கான சீட்டு அன்று, வள்ளியின் முழுக் கணக்குக்கான சீட்டு. நான்கு படங்களை அச்சிடக் கொடுக்கப் போனவர், மின்னஞ்சலும் ஆவணங்களும் அடங்கிய வீட்டுச் சாவியையே கடையில் வைத்துவிட்டு வந்தார் என்பதே இதன் பொருள்.

இரண்டாம் வழியில் செயலி கடவுச்சொல்லின் அருகிலேயே செல்வதில்லை. யாராலும் ஊகிக்க முடியாத, குறைந்தது 43 எழுத்துகள் கொண்ட ஓர் எழுத்துச்சரத்தை அது முதலில் உருவாக்கித் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. பிறகு அதை ‘ஒருவழிச் சுருக்கம்’ என்ற கணக்கில் இட்டு அரைக்கிறது. ஒரே அரிசியை எத்தனை முறை அரைத்தாலும் ஒரே மாவுதான் கிடைக்கும், மாவிலிருந்து அரிசியை மீட்க மட்டும் எவராலும் இயலாது, அத்தகையது இக்கணக்கு. மாவை மட்டும் கோரிக்கையோடு இணைத்து, கைப்பேசியின் இயல்புநிலை உலாவியைத் திறந்து கூகிளிடம் அனுப்புகிறது. அந்த உலாவியில் வள்ளி ஏற்கெனவே கூகிளுக்கு அறிமுகமானவர் என்பதால் கடவுச்சொல் கேட்கப்படுவதே இல்லை. இந்தச் செயலி படங்களைப் பார்க்க அனுமதி கேட்கிறது, தரலாமா என்ற வினா மட்டும் வருகிறது. வள்ளி இசைந்தவுடன், சிறிது நேரமே செல்லுபடியாகும் ஒரு குறியீட்டைக் கூகிள் தருகிறது. செயலி தனக்கெனப் பதிந்து வைத்துள்ள முகவரி வழியாக உலாவி அதைச் செயலியிடம் ஒப்படைக்கிறது.

வேறொரு கள்ளச் செயலி அதே முகவரியைத் தன்னுடையதென்று பதிந்துகொண்டு இடையில் அந்தக் குறியீட்டைப் பறித்துவிடக்கூடும். அரிசி பயன்படுவது அப்போதுதான். குறியீட்டைக் கொண்டுவருபவர் மூல எழுத்துச்சரத்தையும் கொண்டுவர வேண்டும். கூகிள் அதைத் தானே அரைத்துப் பார்த்து, முன்பு வந்த மாவோடு ஒத்துப்போனால் மட்டுமே அனுமதிச்சீட்டு வழங்கும். பறித்தவரிடம் அரிசி இல்லை. இறுதியில் செயலியின் கைக்கு வரும் சீட்டு படங்களுக்கு மட்டுமே உரியது, கடவுச்சொல்லை மாற்றாமலே வள்ளி விரும்பிய நாளில் அதை ரத்து செய்யலாம்.

இந்த நடைமுறையின் பெயர் ஓஆத். அதன் இரண்டாம் பதிப்பின் தர ஆவணம் 2012இல் வெளிவந்தபோது உள்ளுலாவியின் ஆபத்தைக் குறிப்பிட்டது, ஆனால் இரண்டு வழிகளையும் திறந்தே வைத்தது. அரைக்கும் ஏற்பாடு 2015இல் தரமாயிற்று. 2017 அக்டோபரில் வெளியான ஆர்எஃப்சி 8252 என்ற ஆவணம், செயலிகள் அனுமதி பெற உள்ளுலாவியைப் பயன்படுத்தவே கூடாது என்று விதித்தது. கூகிள் அந்த ஆண்டு ஏப்ரலிலேயே உள்ளுலாவியிலிருந்து வரும் உள்நுழைவுக் கோரிக்கைகளை மறுக்கத் தொடங்கியிருந்தது. எஞ்சியவற்றுக்கு 2021 செப்டம்பர் 30ஐ எல்லையாக வைத்தது.

கதவின் மறுபக்கம்

செயலி பக்கத்துக்குள் கை நீட்டுவது போலவே, பக்கமும் செயலிக்குள் கை நீட்ட வழி உண்டு. பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தினால் கேமரா திறக்க வேண்டும் என்பது போன்ற தேவைகளுக்காக நிரலாளர் இரண்டுக்கும் இடையே ஒரு பாலம் கட்டுவார். ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகளில் இந்தப் பாலத்துக்குக் கைப்பிடிச்சுவர் இல்லை; நிரலாளர் ஒரே ஒரு வேலைக்காகத் திறந்த வழியைக் கொண்டு, உள்ளே வந்த எந்தப் பக்கமும் செயலியின் அதிகாரம் முழுவதையும் கைப்பற்ற முடிந்தது. 2012இன் 4.2 பதிப்பிலிருந்து, நிரலாளர் வெளிப்படையாகக் குறியிட்ட வேலைகளை மட்டுமே அந்த வழியில் அழைக்கலாம் என்ற கட்டுப்பாடு வந்தது.

மூப்படையும் பொறிகள்

உலாவிப் பொறி மிகச் சிக்கலான நிரல். அதில் ஓட்டைகள் தொடர்ந்து கண்டுபிடிக்கப்பட்டு அடைக்கப்பட்டு வருகின்றன. தனி உலாவி அடிக்கடி தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது, உள்ளுலாவியின் நிலையோ அதை யார் பராமரிக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஆண்ட்ராய்டில் நெடுங்காலம் அது இயங்குதளத்தோடு இறுகப் பிணைந்திருந்ததால், கைப்பேசி தயாரிப்பாளர் புதிய இயங்குதளத்தை அனுப்பாத வரை பழைய பொறியே ஓடிக்கொண்டிருந்தது. 2014இன் 5.0 பதிப்பில்தான் அது தனியே பிரிக்கப்பட்டு, மற்றச் செயலிகளைப் போலப் பிளே ஸ்டோர் வழியாகப் புதுப்பிக்கப்படலாயிற்று.

அந்தப் பிரிப்பினால் விளைந்த நன்மை பெரிது, ஆனால் எத்தனை செயலிகள் அந்த ஒற்றை உறுப்பைச் சார்ந்து நிற்கின்றன என்பதை 2021 மார்ச்சில் அதுவே வெளிச்சம் போட்டும் காட்டியது. பிழையோடு வெளிவந்த ஒரு புதுப்பிப்பால் ஜிமெயில் உட்படப் பல செயலிகள் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டன. சரிசெய்த பதிப்பு வரும் வரை, அந்தப் புதுப்பிப்பை நீக்குவதே பலருக்கும் கைகொடுத்த மருந்து. தம் கைப்பேசியில் அப்படியோர் உறுப்பு இருப்பதையே பெரும்பாலோர் அன்றுதான் அறிந்திருப்பார்கள்.

கணினியில் இந்தக் கதை இன்னும் பழையது. மைக்ரோசாஃப்ட் 1996இன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 3இலேயே பொறியைத் தனி உறுப்பாக்கி மற்ற மென்பொருள்களும் பொருத்திக்கொள்ள வழி செய்தது. எக்ஸ்ப்ளோரரை மக்கள் கைவிட்ட பின்னும் அந்தப் பொறி அலுவல் மென்பொருள்களுக்குள் உயிரோடு இருந்தது; 2021 செப்டம்பரில் வெளியில் தெரியவந்த ஓர் ஓட்டையைக் கொண்டு, சூழ்ச்சியாகத் தயாரித்த ஆவணத்தின் வழியே அந்தப் பொறியைத் தூண்டிக் கணினியைக் கைப்பற்ற முடிந்தது. பாதிக்கப்படுபவர் ஃபயர்ஃபாக்ஸோ குரோமோ மட்டுமே பயன்படுத்துபவராக இருந்தாலும் அந்தத் தேர்வு அவரைக் காக்கவில்லை, ஏனெனில் பொறியை எழுப்பியது ஆவணம், உலாவி அன்று.

நடுவழி

பயனரை வெளியே அனுப்பவும் மனமில்லை, முகவரின் இருக்கையில் தானே அமர்வதும் முறையில்லை என்ற நிலைக்கு 2015இல் இரண்டு இயங்குதளங்களும் ஏறத்தாழ ஒரே விடையைக் கண்டன. ஆண்ட்ராய்டில் அது கஸ்டம் டேப்ஸ், ஐஓஎஸ் 9இல் சஃபாரி வியூ கண்ட்ரோலர். செயலியின் மேல் ஒரு பக்கம் விரிகிறது, மேற்பட்டைக்குச் செயலி விரும்பிய நிறம் பூசப்படுகிறது, மூடினால் பயனர் செயலிக்கே திரும்புகிறார். ஆனால் அந்தப் பக்கத்தை இயக்குவது உலாவி. செயலியால் அதற்குள் குறுநிரல் செலுத்தவோ சீட்டுகளை எடுக்கவோ முடியாது. வாடகைக்கு எடுத்த மேடைக்குத் திரைச்சீலையின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் செயலிக்குத் தரப்பட்டது போன்றது இது.

கஸ்டம் டேப்ஸில் உலாவியின் ஜாடியே பயன்படுவதால் கடை தன் வாடிக்கையாளரை அடையாளம் கண்டுகொள்ளும். ஐபோனிலும் முதலில் அப்படியே இருந்தது. அந்தப் பகிர்வைப் பயனர் அறியாமல் அவரைப் பின்தொடர்வதற்குப் பயன்படுத்த வழி இருந்த நிலையில், 2017இன் ஐஓஎஸ் 11 பொதுப் பக்கங்களுக்கு ஜாடியைத் துண்டித்தது. உள்நுழைவுக்கு மட்டும் தனி ஏற்பாடு செய்யப்பட்டது: இந்தச் செயலி இந்தத் தளத்தைக் கொண்டு உள்நுழைய விரும்புகிறது என்று இயங்குதளமே முதலில் பயனரிடம் கேட்டு, அவர் இசைந்தால் சஃபாரியின் ஜாடியைப் பயன்படுத்தும்.

இவ்வளவு சொன்னதால் உள்ளுலாவியே கூடாத பொருள் என்று ஆகிவிடாது. செயலி தன் சொந்த உதவிப் பக்கங்களையோ விதிமுறைகளையோ காட்டுவதற்கு அது பொருத்தமான கருவி. பக்கமும் செயலியும் ஒருவருக்கே உரியவையாக இருக்கும்போது ஒளித்து வைக்க எதுவும் இல்லை. ஐயத்துக்குரிய இடம் மூன்றாமவரின் பக்கம். இந்தியாவில் அட்டை வழியாகப் பணம் செலுத்தும்போது, வங்கியின் ஓடிபி கேட்கும் பக்கம் கடைச் செயலிக்குள்ளேயே, பல வேளைகளில் முகவரிகூடக் காட்டாமல் திறக்கும் வழக்கம் இந்த அளவுகோலில் தேறுவது கடினம். வங்கியின் பக்கந்தான் அது என்பதற்குச் செயலியின் நாணயமே ஒரே சான்றாக நிற்கிறது.

போலியால் செய்ய இயலாதது

தளங்கள் உள்ளுலாவியை எப்படி இனங்காண்கின்றன என்ற வினா எஞ்சுகிறது. ஒவ்வோர் உலாவியும் தளத்திடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஒரு வரியை அனுப்பும். ஆண்ட்ராய்டின் உள்ளுலாவி அனுப்பும் வரியில் ‘டபிள்யூ வி’ என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும். ஆனால் அந்த வரியை மாற்றி எழுதும் உரிமை செயலிக்கு உண்டு என்பதால், பொய் சொல்லத் துணிந்த செயலி குரோம் போலவே வேடமிடலாம். திரையின் மேல் முகவரிப்பட்டை போன்ற ஒரு படத்தையும் பூட்டுக் குறியையும் தானே வரைந்தும் காட்டலாம்.

அந்த வேடத்தால் செய்ய முடியாத காரியம் ஒன்று உண்டு, அது இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் வந்த தொல்லையின் மறுமுகம். உலாவியில் ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் ஒருவர், புதிதாக நிறுவிய செயலியில் கூகிள் வழியாக நுழைய முயலும்போது, பக்கம் கடவுச்சொல் கேட்காமலே அவருடைய கணக்கைக் காட்டி அனுமதி மட்டும் கேட்டால், அது உலாவியின் ஜாடியிலிருந்த சீட்டைப் பார்த்துத் திறந்த பக்கம். செயலி எவ்வளவு தேர்ந்த ஓவியராக இருந்தாலும் அந்தச் சீட்டை எட்ட முடியாது. கடவுச்சொல் கேட்கப்பட்டால் அதுவே மோசடிக்குச் சான்றாகிவிடாது, அந்தத் தளத்தின் சீட்டு காலாவதியாகியும் இருக்கலாம். அத்தகைய வேளையில் செயலியை விட்டு வெளியேறி, உலாவியைத் தனியே திறந்து, முகவரியைத் தாமே தட்டி உள்நுழைந்துவிட்டுத் திரும்பி வந்து பார்க்கலாம். அப்போதும் அந்தப் பக்கம் ஆள் தெரியாமல் விழித்தால், கேட்டுக்கொண்டிருப்பது பெரும்பாலும் உலாவி அன்று.